லட்சம் குஞ்சு, எத்தனை அம்மா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

எங்க ஊர் குரும்பலூர். பெரம்பலூரிலிருந்து துறையூர் போற ரோட்டுல இருக்கு. மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, இதுதான் நம்ம பக்கத்து அடையாளம். அப்படி இருக்கிற ஊர்க்காரன் மீனைப் பத்தி ஒரு எபிசோடு பண்றானேனு நீங்க நினைக்கலாம். காரணம் எங்க சித்தப்பா.

எங்க பக்கம் ஏரிகள் வானம் பார்த்தவை. ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்ஞ்சா நிரம்பும். சித்திரை, வைகாசியில அடி தெரியும். இடையில இருக்கிற அந்த ஆறேழு மாசத்துக்கு மீன்பாசி குத்தகை விடுவாங்க. சித்தப்பாவும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து ஒரு ஏரியைக் குத்தகைக்கு எடுத்தாங்க. கட்லா, ரோகு, மிர்கால்னு கலந்து பத்தாயிரம் குஞ்சு வாங்கி விட்டாங்க. வைகாசியில வலை போட்டப்போ சில மீன் ஒரு கிலோ இருந்துச்சு. பலது உள்ளங்கை நீளம்கூட இல்லை. எண்ணிக்கையும் நினைச்சதுல பாதிக்கும் கீழே.

சித்தப்பா சொன்னாரு: "ஒரே நாள்ல விட்ட குஞ்சு, ஒரே தண்ணி. இது எப்படிடா இப்படி ஆகும்? குஞ்சு கொடுத்தவன் ஏமாத்திட்டான்." குஞ்சு கொடுத்தவர் சொன்னாரு: "உங்க ஏரித் தண்ணி சரியில்லைங்க."

தப்பு தண்ணியிலயா, கையாண்ட விதத்துலயா, மீனோட ரத்தத்துலயா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த எபிசோடு.

முதல் இருபது நாள்

முதல்ல, ஒரு மீனோட வாழ்க்கையில ஆபத்தான காலம் எதுன்னு பார்ப்போம். வலையில மாட்டுற நாள்னு நினைப்போம். இல்லை. அது வரைக்கும் வந்து சேர்ற மீனே ரொம்பக் கொஞ்சம்.

ஒரு கட்லா தாய் மீன் தன் எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லட்சம் முட்டை அளவுக்கு விடும். ரோகு அதைவிட அதிகம். முட்டை பொரிக்க ஒரு நாள்கூட ஆகாது, 14லிருந்து 18 மணி நேரம் போதும். வெளியே வர்ற குஞ்சுக்கு வாய் வேலை செய்யாது. வயித்துல ஒட்டியிருக்கிற மஞ்சள்கருதான் மூணு நாளைக்குக் கட்டுச்சோறு. அது தீர்ந்த அன்னிக்கு, பக்கத்துலயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் மிதவைகள் இருந்தா குஞ்சு சாப்பிடும். இல்லைன்னா செத்துப் போகும். இந்த வயசுக் குஞ்சை நுண்மீன் குஞ்சுனு சொல்றாங்க. நீளம் ஆறு மில்லிமீட்டர்தான்.

இதுக்கு எதிரிகள் யார் தெரியுமா? பெரிய மீன்கள் மட்டும் இல்லை. தண்ணியில முதுகைக் கீழே போட்டு நீந்துற பூச்சி, தண்ணி வண்டு, தட்டானோட இளம்புழு, இதெல்லாம் ஆறு மில்லிமீட்டர் மீனை அப்படியே பிடிச்சுச் சாப்பிடும். அதனாலதான் நாற்றங்கால் குளத்துல குஞ்சு விடறதுக்கு முதல் நாளே சோப்பையும் எண்ணெயையும் கலந்து தண்ணி மேல ஊத்துவாங்க. பூச்சிகள்ல பெரும்பாலானதுக்கு மேல வந்து காத்து எடுத்தாகணும். மேல எண்ணெய்ப் படலம் இருந்தா மூச்சு முட்டிச் செத்துப் போகும். குஞ்சு செவுள் வழியா மூச்சு விடும், அதுக்கு ஒண்ணும் ஆகாது.

இவ்வளவு பார்த்துக்கிட்டாலும், நல்லா நடத்துற நாற்றங்கால்லயே நுண்மீன் குஞ்சுல நூத்துக்கு முப்பது, நாப்பது, மிஞ்சினா ஐம்பதுதான் மூணு வாரம் தாண்டும். அடுத்த கட்டம், அதாவது விரல் நீளம் வளர்ந்து விரலி ஆகிறது வரைக்கும், இதுல நூத்துக்கு அறுபது, எழுபது தேறும். கணக்குப் போட்டுப் பாருங்க. லட்சம் நுண்மீன் குஞ்சுல நாப்பதாயிரம் தேறி, அதுல அறுபத்தஞ்சு சதவீதம் விரலி ஆனா, கையில நிக்கிறது இருபத்தாறாயிரம். மனுஷன் காவல் காத்தும் இவ்வளவுதான். ஆத்துல, கடல்ல காவலே இல்லை.

இப்ப அடுத்த கேள்வி. தேறின அந்த இருபத்தாறாயிரமும் அதிர்ஷ்டத்துல தேறினதா, இல்ல பிறப்புலயே ஏதோ ஒண்ணு கூடுதலா இருந்ததாலயா? சும்மா பார்த்துச் சொல்லவே முடியாது. செத்த குஞ்சு கரைஞ்சு போயிடும். பிழைச்ச குஞ்சு நெத்தியில அம்மா பேர் எழுதியிருக்காது.

குஞ்சு எங்கிருந்து வருது?

அந்தப் பேரை எப்படிப் படிக்கிறாங்கனு சொல்றதுக்கு முன்னாடி, இந்தக் குஞ்சுகளோட பூர்வீகத்தைச் சொல்லியாகணும். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் வடக்கத்தி ஆத்து மீன்கள். கங்கை, பிரம்மபுத்திரா பக்கம். மழை வெள்ளம் ஓடுற தண்ணியிலதான் முட்டையிடும். ஏரி, குளம் மாதிரி நிக்கிற தண்ணியில நல்லா வளரும், ஆனா முட்டையிடாது. அதனால ஒரு காலத்துல ஆத்துல வெள்ளம் வர்றப்போ வலை கட்டிக் குஞ்சு பிடிச்சு விப்பாங்க. அதுல எந்த மீன் குஞ்சு எவ்வளவு இருக்குனு யாருக்கும் தெரியாது.

1957 ஜூலை 10, ஒடிசாவுல அங்குல்ங்கிற ஊர். ஹிராலால் சவுத்ரி, கே.எச்.அலிகுஞ்சு ரெண்டு பேரும், இன்னொரு மீனோட மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசி போட்டு, குளத்து மீனை முட்டையிட வெச்சாங்க. வெள்ளம் வந்துடுச்சுனு மீனோட உடம்பை நம்ப வைக்கிற வேலை இது. இன்னிக்கும் அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமா கொண்டாடுறாங்க. இப்ப சுரப்பிச் சாறுக்குப் பதிலா தயார்நிலை ஹார்மோன் ஊசி கடையிலயே கிடைக்குது. நம்ம ஏரிக்கு வர்ற குஞ்சுகள் எல்லாமே அந்த ஊசி வழியா வர்றதுதான்.

பெரிய சாதனை. ஆனா ஒரு சிக்கலும் கூடவே வந்துச்சு. ஆத்துல ஆயிரக்கணக்கான ஜோடி முட்டையிட்டது. பண்ணையில எத்தனை ஜோடி?

தாய்மாமன் கணக்கு

ரெண்டு கிலோ தாய் ரோகு ஒண்ணே ஒண்ணு, ரெண்டு லட்சத்துக்கு மேல முட்டை கொடுக்கும். அதுல கால்வாசி விரலி ஆனாலும் ஐம்பதாயிரம். அப்படின்னா சித்தப்பா வாங்கினதுல இருந்த ரோகு எல்லாமே ஒரே அம்மா பிள்ளைகளா இருக்க முடியும். கண்ணுக்கு ஆயிரக்கணக்குல தெரியுது. பெற்றோர் கணக்குல பார்த்தா ஒரே ஒரு வீடு.

ஏரியில விட்டு, வளர்த்து, வித்துச் சாப்பிடுற மீனுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. அதே அண்ணன் தங்கச்சிகள்ல சிலதைப் பண்ணைக்காரர் அடுத்த வருஷத்துக்குச் சினை மீனா வெச்சுக்கிட்டார்னா, பிரச்சினை அங்க ஆரம்பிக்குது.

ஒவ்வொரு உயிருக்குள்ளயும் வேலை செய்யாத மரபணுப் பிரதிகள் சிலது ஒளிஞ்சிருக்கும். அம்மாவோட பிரதி கெட்டிருந்தா அப்பாவோட பிரதி காப்பாத்தும். ரெண்டு பேரும் சொந்தக்காரங்கன்னா, ரெண்டு பிரதியும் ஒரே மாதிரி கெட்டிருக்க வாய்ப்பு கூடும். நம்ம ஊர்ல அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துல பிறக்கிற பிள்ளைக்கு அந்த வாய்ப்பை 6.25 சதவீதம்னு கணக்கு வெச்சிருக்காங்க. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினா 12.5.

இதே கணக்கை மீன் பண்ணைக்குப் போடலாம். சூத்திரம் ரொம்ப எளிது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால பெருக்கி, மொத்த எண்ணிக்கையால வகுக்கணும். அஞ்சு ஆண், அஞ்சு பெண் இருந்தா வர்ற விடை பத்து. ஒரு தலைமுறையில ஏறுற ரத்தக் கலப்பு, ஒண்ணுக்குக் கீழே அந்த விடையோட ரெண்டு மடங்கு. அதாவது இருபதில் ஒரு பங்கு, அஞ்சு சதவீதம். இப்ப ஒரே ஒரு ஆண், ஒன்பது பெண்னு வெச்சுக்கோங்க. மொத்தம் அதே பத்து மீன்தான். ஆனா விடை மூணரைக்குப் பக்கத்துல வரும். ரத்தக் கலப்பு கிட்டத்தட்ட 14 சதவீதம். ஒரே தலைமுறையில தாய்மாமன் கல்யாணத்தைத் தாண்டிடுச்சு!

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஏக்நாத், டாயில்னு ரெண்டு ஆய்வாளர்கள் கர்நாடகாவுல மீன்குஞ்சுப் பண்ணைகளைப் பார்த்து 1990ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அங்க ஒரு தலைமுறைக்கு ரெண்டு முதல் பதினேழு சதவீதம் வரைக்கும் ரத்தக் கலப்பு ஏறுதுனு கணக்கிட்டிருந்தாங்க. இப்படி ஏறினா முதல் அடி எங்க விழும்? பெரிய மீன்ல இல்லை. முட்டை பொரிக்கிறதுல, முதல் சில வாரம் பிழைக்கிறதுல, நோயைத் தாங்குறதுல, அப்புறம் வளர்ச்சியில.

தக தக தக

சரி, பெற்றோர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிஎன்ஏ நாலே எழுத்துல எழுதின நீளமான சங்கிலினு படிச்சிருப்பீங்க. அதுல பெரும்பகுதி நீளமான வாக்கியம் மாதிரி போகும். நடுவுல சில இடத்துல ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். மிருதங்கம் வாசிக்கிறவர் நடுவுல 'தக தக தக தக'னு போற மாதிரி வெச்சுக்கோங்க. அந்த 'தக' எத்தனை தடவைங்கிறது ஒவ்வொரு உயிருக்கும் மாறும். அந்த எண்ணிக்கை உடம்புக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனா பிறப்புல கிடைச்சது மாறாது. இதைத்தான் மைக்ரோசாட்டிலைட்னு சொல்றாங்க. மரபணு அடையாளக் குறிகள்ல ஒரு வகை.

ஒவ்வொரு இடத்துலயும் நமக்கு ரெண்டு பிரதி. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஒரு தாய் மீனுக்கு 12 தடவையும் 15 தடவையும்னு வெச்சுக்கோங்க. அப்பா மீனுக்கு 9, 20. குஞ்சுக்கு 12-9, 12-20, 15-9, 15-20 இதுல ஒண்ணுதான் வர முடியும். ஒரு குஞ்சுக்கு 13-9 வந்தா, அந்தத் தாய்க்குப் பிறந்தது இல்லைனு கிட்டத்தட்ட சொல்லிடலாம். இந்த மாதிரி பத்துப் பதினஞ்சு இடத்தைச் சேர்த்துப் பார்த்தா, ஒரு பண்ணையில நூறு ஜோடி இருந்தாலும் குஞ்சு எந்த ஜோடியோடதுனு பிரிச்சிடலாம். இதுக்கு மீனைக் கொல்ல வேண்டியதில்லை. துடுப்பு ஓரத்துல சின்னதா ஒரு துண்டு வெட்டி ஆல்கஹால்ல போட்டா போதும். துடுப்பு திரும்ப வளரும். ஒரே தொட்டியில ரெண்டு மூணு இன மீனுக்கு ஊசி போட்டுவிட்டதால கட்லாவும் ரோகுவும் கலந்து பிறந்த கலப்பினக் குஞ்சுகளையும் இந்த மாதிரிக் குறிகள் வெச்சே காட்டிக் கொடுத்திடலாம்.

குடும்பம் குடும்பமா

இந்தக் குறிகள் எவ்வளவு பெரிய வசதினு புரிய, இது இல்லாத காலத்துல என்ன பண்ணாங்கனு பார்க்கணும். புவனேஸ்வர் பக்கத்துல கௌசல்யகங்காவுல மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. சுருக்கமா சிஃபா. 1992ல நார்வே ஆய்வாளர்களோட சேர்ந்து நல்ல ரோகுவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிற வேலையை ஆரம்பிச்சாங்க. ஒரே பண்ணை மீனை வெச்சு ஆரம்பிக்கலை. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லஜ், கோமதினு அஞ்சு ஆத்து ரோகுவையும் பண்ணை ரோகுவோட சேர்த்தாங்க. சொந்தம் தூரமா இருக்கணும்னுதான்.

ஆறு மில்லிமீட்டர் குஞ்சுல எந்த அடையாளமும் வைக்க முடியாது. அதனால ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனிக் குளத்துல வளர்த்து, விரலி ஆனப்புறம் அடையாளம் வெச்சு ஒண்ணா விட்டாங்க. வேலை நடந்துச்சு. 1997ல, சுதந்திரப் பொன்விழா வருஷத்துல, 'ஜெயந்தி ரோகு'னு பேர் வெச்சு வெளியே விட்டாங்க. ஒரு தலைமுறைக்குச் சராசரியா சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடுச்சு.

ஆனா தனித்தனிக் குளத்துல ஒரு ஓட்டை இருக்கு. 'அ' குளத்துல அதிகம் பிழைச்சா, அது குடும்பத்தோட திறமையா, அந்தக் குளத்துல பூச்சி குறைவா இருந்ததா? பிரிக்க முடியாது. சித்தப்பாவோட சண்டை மாதிரியேதான்.

மரபணுக் குறி வந்ததும் இது மாறிடுச்சு. எல்லாக் குடும்பத்தையும் முதல் நாளே ஒரே குளத்துல கலந்து விடலாம். அதே தண்ணி, அதே பூச்சி, அதே பட்டினி. மூணு மாசம் கழிச்சுப் பிழைச்சதை எடுத்து, துடுப்பு வெட்டி, யார் வீட்டுப் பிள்ளைனு பார்க்கலாம். ஒவ்வொரு குடும்பமும் சமமா விட்டும், சில குடும்பம் மட்டும் திரும்பத் திரும்ப அதிகமா மிஞ்சினா, பிழைக்கிறதுல பிறப்புக்குப் பங்கு இருக்குனு அர்த்தம். சிஃபா பின்னால கட்லாவுல தேர்ந்தெடுத்து உருவாக்கின 'அம்ரித் கட்லா'வுக்கு மைக்ரோசாட்டிலைட் குறிகளையும் பயன்படுத்தினாங்க.

இதைக் கேட்டுட்டு, நல்ல குடும்பத்தைப் பிடிச்சா போதும்னு நினைச்சுடாதீங்க. முதல் வாரச் சாவுல பெரும்பகுதி தீனி, வெப்பம், எதிரி, கையாளுற விதத்தால வர்றது. பிறப்போட பங்கு பொதுவா சின்னது. ஆனா தலைமுறை தலைமுறையா அந்தச் சின்னப் பங்கு சேரும். நல்லதும் சேரும், கெட்டதும் சேரும்.

கடல்லயும் இதே கதைதான்

நம்ம ஊருக்கு வண்டியில வர்ற மத்தி மீனுக்கும் இதே விதிதான். நார்வேக்காரர் யோஹான் யோர்ட் 1914லயே சொன்னாரு: கடல்ல ஒரு வருஷம் மீன் கொட்டுறதும் இன்னொரு வருஷம் காணாமப் போறதும், எத்தனை முட்டை விட்டுச்சுங்கிறதைவிட, குஞ்சுப் பருவத்துல எத்தனை பிழைச்சுதுங்கிறதைப் பொறுத்தது. கேரளாவுல 2012ல சுமார் நாலு லட்சம் டன் மத்தி பிடிச்சாங்க. 2021ல 3,500 டன்கூட இல்லை. 2024ல திரும்ப ஒரு லட்சம் டன்னைத் தாண்டுச்சு. பருவமழை, கடலடித் தண்ணி மேல வர்றது, அதனால பெருகுற மிதவை உயிர்கள், அதைச் சாப்பிட்டுக் குஞ்சு தேறுறதுனு ஒரு சங்கிலியாத்தான் கொச்சியில இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதை விளக்குது. அதே நிறுவனம்தான் 2023ல மத்தியோட முழு மரபணுத் தொகுதியையும் படிச்சு வெளியிட்டுச்சு.

இன்னொரு ஆச்சரியம் நியூசிலாந்துல. டாஸ்மன் விரிகுடாவுல 1950லிருந்து சேர்த்து வெச்சிருந்த ஸ்னாப்பர் மீனோட பழைய செதில்கள்ல இருந்து டிஎன்ஏ எடுத்து, 2002ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த விரிகுடாவுல மீன் பல பத்து லட்சம். மரபணுக் கணக்குல பார்த்தா அடுத்த தலைமுறையை உருவாக்குறது ரொம்பச் சொற்ப மீன் இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. அந்த எண் ரொம்பக் குறைவா வந்திருக்குனு பின்னால விவாதம் நடந்துச்சு. ஆனா அடிப்படை நிக்குது. லட்சக்கணக்கான தாய்கள் முட்டை விட்டாலும், சரியான நாள்ல சரியான இடத்துல விட்ட சிலரோட பிள்ளைகள்தான் கூட்டமா மிஞ்சுது. லாட்டரி மாதிரி. அதனால வலையில நிறைய விழுதுங்கிறதை வெச்சு, மரபு வளம் பத்திரமா இருக்குனு சொல்லிட முடியாது.

சித்தப்பாவுக்கு என்ன பதில்?

திரும்ப ஏரிக்கு வர்றேன். சித்தப்பாகிட்ட இவ்வளவையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப என் மீனு ஏன்டா வளரலை?"னு கேட்டாரு.

நேர்மையா சொல்லணும்னா, துடுப்புத் துண்டு ஒண்ணுகூட எடுத்து வைக்காததால அவர் மீனோட கதையை இப்ப யாரும் சொல்ல முடியாது. ஆனா சந்தேகப்பட வேண்டிய இடங்கள் தெரியும். இந்த மீன்கள் முட்டையிடுற பருவம் ஆடி, ஆவணியை ஒட்டி. எங்க ஏரி நிரம்புறது கார்த்திகையில. நடுவுல குஞ்சை எங்கயோ நெருக்கமா அடைச்சு வெச்சிருப்பாங்க. அதுல முந்தினது வளரும், பிந்தினது குட்டையாவே நிக்கும். அப்புறம், ஆக்சிஜன் அடைச்ச பாலித்தீன் பையில வந்த குஞ்சை, பையை அவிழ்த்து நேரா ஏரியில கொட்டினாங்க. பையைக் கால் மணி நேரமாவது ஏரித் தண்ணியில மிதக்கவிட்டு, ரெண்டு தண்ணியோட சூடும் சமமானப்புறம் விட்டிருக்கணும். அன்னிக்கே எத்தனை செத்துச்சோ. மூணாவதுதான் ரத்தக் கலப்பு.

முதல் ரெண்டும் அவர் கையில இருக்கு. மூணாவது குஞ்சு கொடுக்கிறவர் கையில. அதுக்கு லேப் தேவையில்லை, நாலு கேள்வி போதும். இந்தத் தடவை எத்தனை பெண் மீன், எத்தனை ஆண் மீன் போட்டீங்க? சினை மீன் எங்கிருந்து வந்தது? கடைசியா எப்ப வெளியிலிருந்து புது மீன் சேர்த்தீங்க? ஒரு தொட்டியில ஒரே இனம்தானா?

"இதெல்லாம் கேட்டா அவன் எனக்குக் குஞ்சு கொடுப்பானா?"னு சிரிச்சாரு. ஆனா இந்த வருஷம் வேற ஒருத்தர்கிட்ட வாங்கப் போனப்போ கேட்டிருக்காரு. ராத்திரி எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. அந்த மனுஷன் தாய் மீன் கணக்கை நோட்டுப் பார்த்துச் சொல்லிட்டாராம். ஆண் மீன் எத்தனைனு கேட்டதும் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அதை இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லைங்க, நானும் எழுதி வெச்சதில்லை"னு சொன்னாராம்.

"அப்புறம்?"னு கேட்டேன்.

"இனிமே எழுதி வைக்கிறேன்னாரு. பார்ப்போம். குஞ்சு வாங்கியிருக்கேன். பையை மிதக்க விட்டுத்தான் அவிழ்த்தேன்."

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.